அமலோற்பவம் எழுதிய டீக்கடை

தூத்துக்குடிப் பக்கம் உவர்க்குளத்தில் சிறுகதைப் பட்டறையை முடித்துக்கொண்டு திரும்பிய மறுநாள் காலையில், பால் பாக்கெட்டை எடுப்பதற்காக அமலோற்பவம் திருச்சி பாலக்கரையிலிருந்த தன் வீட்டுக் கதவைத் திறந்தபோது, வாசலுக்கும் சாக்கடைக்கும் நடுவில், நேற்றுவரை உவர்க்குளம் பேருந்து நிலையத்தில் நின்ற டீக்கடை, தகரக் கூரையும் நீலப் பெயிண்ட் அடித்த பலகைகளும் செப்புப் பாய்லரும் கால் ஆடுகிற பெஞ்சுமாக, அங்கேயே பிறந்து வளர்ந்ததுபோல நின்றுகொண்டிருந்தது. பாய்லருக்குப் பின்னால் தோளில் துண்டோடு நின்ற பூவலிங்கம், காலிக் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, "வாங்க டீச்சர். இங்கன தண்ணி எங்க பிடிக்கணும்?" என்று கேட்டார்.

"தெருமுனைக் குழாயில வரும் அண்ணாச்சி. சீக்கிரம் போனா நல்ல தண்ணியா கிடைக்கும்" என்றாள் அமலோற்பவம்.

பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த, மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வுபெற்ற கோமதிநாயகம், தலையை நிமிர்த்தித் தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார், பேப்பரை மடித்தார், தூத்துக்குடி பஸ் எங்கே நிற்கும் என்று விசாரித்துக்கொண்டார், டீ குடிக்கிற நேரத்தில் மனுஷனை இப்படி இழுத்துக்கொண்டு வருவது மரியாதையா என்று யாரிடமும் குறிப்பாகச் சொல்லாமல் சொல்லிவிட்டுப் போனார். அவர் போனது போனதுதான், திரும்ப வரவில்லை. கடைக்குள் தற்செயலாக உட்கார்ந்திருப்பவர்கள் ஒருமுறை வந்தால் ஊர் திரும்பிவிடலாம். பூவலிங்கத்துக்குத்தான் அது முடியவில்லை.

அமலோற்பவம் அரசுப் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவள். மூன்று கதைத் தொகுப்புகளுக்குப் பிறகு, ஒரு தோள்பையும் ஒரு தண்ணீர் பாட்டிலுமாக ஊர் ஊராகப் போய்க் கதை எழுதக் கற்றுக்கொடுப்பதே அவளுக்குத் தொழிலாகிவிட்டது. கதை எங்கோ மலைக்கு அப்பால் இல்லை, ரேஷன் கடை வரிசையில் இருக்கிறது, ஜெராக்ஸ் கடையில் இருக்கிறது, பேருந்து நிலையத்துக் கட்டணக் கழிப்பறை வாசலில் உட்கார்ந்திருக்கிறவரின் முகத்தில் இருக்கிறது என்பாள். எல்லாரையும் வெளியே அனுப்பி, ஒரே இடத்தில் உட்கார்ந்து கண்ணுக்கு முன்னால் இருப்பதை மட்டும் எழுதிவரச் சொல்வாள். உவர்க்குளம் நூலகத்தில் வந்திருந்தவர்கள் கூச்சப்பட்டதால், வழி காட்டுவதற்காக அவளே போய்ப் பூவலிங்கத்தின் பெஞ்சில் உட்கார்ந்து எழுதினாள். கொதி வந்தால் பாய்லருக்குள் கிடக்கும் செப்புக்காசு கடகடப்பதை எழுதினாள், டீ ஆற்றும்போது அவர் வேறு எதையோ நினைத்துக்கொண்டவர்போல முகத்தைத் திருப்பிக்கொள்வதை எழுதினாள், பெஞ்சின் வெடிப்பு உட்காருகிறவர்களின் வேட்டியைக் கடிப்பதையும் கூரையின் ஓட்டை வழியாக விழுந்த வெயில் சீனி டப்பாவின்மேல் ஒரு பொட்டாக நின்றதையும் எழுதினாள். அதை நூலகத்தில் வாசித்தபோது, எல்லாருக்கும் டீ கொண்டுவந்திருந்த பூவலிங்கம் கேனைக் கீழே வைக்காமல் கதவோரம் நின்று கடைசிவரை கேட்டார்.

"ஒண்ணுவிடாம எழுதிட்டிய டீச்சர்" என்றார்.

திருச்சி வரும்வரை ஜன்னலோரத்தில் அந்த ஒரு வார்த்தையை வாயில் அடக்கிய கற்கண்டுபோல வைத்துக்கொண்டு வந்தாள் அமலோற்பவம். அவளுடைய புத்தகங்களுக்கு அப்படியொரு பாராட்டு அதுவரை வந்ததில்லை.

பாலக்கரைத் தெரு அந்தக் கடையைப் பழகிக்கொள்ள அதிக நாள் எடுத்துக்கொள்ளவில்லை. எதிர்வீட்டுப் பிச்சைமுத்து முதல் நாள் தன் ஸ்கூட்டரை எடுக்க வழியில்லை என்று சத்தம் போட்டார், மறுநாள் பெஞ்சைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொன்னார், அதற்கடுத்த நாள் தள்ளிப்போட்ட பெஞ்சில் உட்கார்ந்து சீனி குறைவாகக் கேட்டார். மாநகராட்சியிலிருந்து வந்தவர் இது எப்போது வைத்த கடை என்று கேட்க, டீச்சர் எழுதினதுக்குப் பிறகு என்று தெருவே சொல்ல, அவர் தலையைச் சொறிந்துகொண்டு, குப்பையைச் சாக்கடையில் போடக்கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மாதா கோயில் தேர் வந்தபோது கடைக்காக இரண்டடி ஒதுங்கிப் போயிற்று.

அமலோற்பவத்தின் கணவர் ஸ்தனிஸ்லாஸுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டிருந்தன. வாரத்தில் இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வருவார். குடிக்கிற தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்த மனிதருக்கு வாசலிலேயே டீக்கடை வந்து நின்றது. அவர் காலையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, பிறர் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார். பூவலிங்கம் அதைக் கவனித்துவிட்டு, ஹார்லிக்ஸ் பாட்டில் மூடியைக் கழுவி, அதில் நுரை ததும்ப டீயை ஊற்றி, பெரிய கிளாஸில் கொடுப்பதுபோல இரண்டு கையாலும் நீட்டுவார். "சார், நிதானமா குடிங்க." மூடித் தேநீரை ஸ்தனிஸ்லாஸ் அரைமணி நேரம் குடிப்பார். இரண்டு பேருக்கும் நடுவில் அப்படி ஒரு சிநேகம் உண்டாயிற்று.

அமலோற்பவம் ஈரோட்டுக்குப் போனாள். அவள் கண் விழித்த லாட்ஜின் வராந்தாவில் கடை நின்றது. சிதம்பரத்துக்குப் போனாள்; மகளிர் விடுதியின் மாடிப்படிக்குக் கீழே நின்றது. தருமபுரியில் அவளைத் தங்கவைத்த வீட்டில் வாசல் கிடையாது என்பதால் மொட்டை மாடியில் நின்றது, பூவலிங்கம் படியேறி இறங்கித் தண்ணீர் சுமந்தார். அவள் எங்கே கண் விழிக்கிறாளோ அங்கே கடை, கடை எங்கேயோ அங்கே பூவலிங்கம், இடையில் அவர் பஸ் ஏறி எவ்வளவு தூரம் போயிருந்தாலும் சரி, அவள் கண்ணைத் திறக்கிற நொடியில் பாய்லருக்குப் பின்னால் வந்து நிற்பார், சில நாள் பல்குச்சியோடு, சில நாள் வாயில் பாதிச் சோற்றோடு. பட்டறை நடத்துகிறவர்கள் இதைக் கேள்விப்பட்டு, தேநீருக்குத் தனியாக ஏற்பாடு செய்வதை நிறுத்திக்கொண்டார்கள். எழுத வந்தவர்கள் அவர் பெஞ்சில் உட்கார்ந்து எழுதினார்கள். அவர்கள் எழுதியது எதுவும் எங்கேயும் போகவில்லை, எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தது. அதைப் பார்த்து அவர்கள் வருத்தப்பட்டார்கள், அமலோற்பவம் அவர்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டாள்.

அவள் செய்து பார்க்காதது இல்லை. எழுதிய தாளைக் கிழித்தாள், பிறகு பூவலிங்கத்தின் அடுப்பிலேயே போட்டு எரித்தாள். அவர் அந்தத் தீயில் பால் காய்ச்சினார். கடை உவர்க்குளத்துக்கே திரும்பிப் போயிற்று என்று ஒரு பக்கம் எழுதினாள். அந்தப் பக்கத்தில் உயிர் இல்லை, வாசித்துப் பார்த்தபோது அவளாலேயே நம்ப முடியவில்லை, கடை அசையவில்லை. அதற்குப் பிறகு அவள் எழுதுவதை விட்டுவிட்டாள். பட்டறைகளில் மட்டும், "எல்லாத்தையும் எழுதிடாதீங்க, எதையாவது ஒண்ணை விட்டுவைங்க" என்று கெஞ்சுகிற குரலில் சொன்னாள். அது பெரிய நுட்பம் என்று எல்லாரும் குறித்துக்கொண்டார்கள்.

அவள் விட்டுவைத்தது பூவலிங்கத்தின் மனைவி செல்லக்கனியை. காலையில் வடைக்கு மாவு ஆட்டிக் கொடுத்துவிட்டு அந்தம்மாள் வீட்டுக்குப் போய்விடுவாள். அமலோற்பவம் பெஞ்சில் உட்கார்ந்தது மத்தியானம். ஆளைப் பார்க்கவே இல்லை, அதனால் எழுதவும் இல்லை. பூவலிங்கம் தினமும் சாயங்காலம் போனில் பேசுவார், நல்லா இருக்கியா, ஆடு தண்ணி குடிச்சுதா, மகளுக்கு வாந்தி நின்னுச்சா என்று. ஒருநாள் போனைக் கையால் பொத்திக்கொண்டு அமலோற்பவத்திடம் கேட்டார்.

"டீச்சர், அவளையும் ஒருவரி எழுதிப் பாக்கலாமா? இங்கன வந்துட்டா சேந்தாவது கெடப்போம்."

"அவங்ககிட்ட கேளுங்க அண்ணாச்சி."

அவர் கேட்டார். செல்லக்கனி சொன்னது கடைக்கு வெளியே நின்ற அமலோற்பவத்துக்கும் கேட்டது. "நானும் வந்துட்டா புள்ளத்தாச்சிய யாரு பாக்க? ஊருல ஒரு ஆளாவது ஊன்றி நிக்காண்டாமா?"

பூவலிங்கம் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளாஸ்களைக் கழுவினார். கழுவின கிளாஸ்களையே மறுபடியும் கழுவினார். அவர் ஒருநாளும் அமலோற்பவத்தைக் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மகள் முத்துஇசக்கிக்குப் பிரசவ நாள் நெருங்கியபோதுதான் அவர் முதல்முறையாக வாய் திறந்து ஒன்று கேட்டார். "நீங்க உவர்க்குளத்துல வந்து இருந்தியன்னா நானும் அங்கன இருப்பேன் டீச்சர். தலைப்பிள்ளை."

அவள் ஸ்தனிஸ்லாஸைப் பார்த்தாள். "போயிட்டு வா. என்னைப் பிச்சைமுத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவாரு" என்றார் அவர். பூவலிங்கம் அன்றைக்கு மூடியைத் தளும்பத் தளும்ப நிரப்பிக் கொடுத்தார்.

உவர்க்குளம் பேருந்து நிலையத்தில் அமலோற்பவம் இறங்கியபோது, ஊர் அவளை அடையாளம் கண்டுகொண்டது. யாரும் ஒரு சொல் கடுமையாகப் பேசவில்லை. கண்டக்டர் பையை இறக்கிக் கொடுத்தார், ஆனால் அவள் திரும்புவதற்குள் பஸ்ஸின் கதவைச் சாத்திக்கொண்டார். பூக்காரம்மாள் ஒரு முழம் பூவைக் கையில் கொடுத்துவிட்டுக் கூடையின்மேல் ஈரத்துணியை இழுத்து மூடினாள். சைக்கிள் கடைக்காரர் வணக்கம் சொல்லிவிட்டுத் தன் மகனைத் தூண் மறைவுக்கு நகர்த்தினார். கோமதிநாயகம் பேப்பரை முகத்துக்கு நேராக உயர்த்திப் பிடித்துக்கொண்டே, "சௌக்கியமா டீச்சர்" என்று கேட்டார். இருபது வருஷமாகப் பாருங்கள், பாருங்கள் என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்தவள், அந்த ஊரில் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

டீக்கடை நின்ற இடம் காலியாக இல்லை. நாலு சவுக்குக் கம்பு நட்டு, மேலே தார்ப்பாய் கட்டி, அடுப்பு வைத்து செல்லக்கனி டீ போட்டுக்கொண்டிருந்தாள். பெயர் கேட்காமலே வந்தவள் யாரென்று அவளுக்குத் தெரிந்தது. ஒரு கிளாஸை வெந்நீரில் கழுவி டீ ஊற்றி வைத்தாள்.

"உக்காந்து குடிங்க டீச்சர். சுத்திமுத்திப் பாக்காதிய."

அமலோற்பவம் கிளாஸுக்குள் பார்த்தபடி உட்கார்ந்தாள். "நான் இப்ப எதுவுமே எழுதறதில்லைங்க."

"எழுதாட்டாலும் பாக்குறது பாக்குறதுதான? நீங்க பாத்தது உங்களுக்குள்ள போயிரும்னு அவுக சொல்லுவாக." செல்லக்கனி அடுப்பைக் குறைத்தாள். "உங்கமேல எனக்குக் கோவம் இல்ல. மழை பேஞ்சு செவரு விழுந்தா மழைகிட்டப் போயி சண்டை போட முடியுமா? ஆனா மழை வருதுன்னா காயப்போட்டத எடுத்து உள்ள வைக்கணும்லா."

"நாளைக்குக் காலையில அவர் கடை வந்துடும். இந்த இடத்துக்குத்தான் வரணும்."

"அவுக எடந்தான். நான் இல்லன்னு சொல்லல. அடுப்பைப் பிரிச்சுக் குடுத்துருவேன், அது ஒரு சோலி இல்ல. ஆனா நீங்க ஒருநா கிளம்பிருவிய, கூடவே அவுகளும் போயிருவாக. மறுபடி இங்கன அடுப்பு போட நான் யாருகிட்டப் போயி நிக்க? இதுக்கே பஞ்சாயத்துல எத்தனை நடை."

அமலோற்பவம் ஒரு வாய் குடித்தாள். டீ நன்றாக இருந்தது. அதை அவள் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஏதாவது ஆகிவிடும் என்று பயந்தாள்.

மறுநாள் காலையில் நீலக் கடை ரோட்டுக்கு எதிர்ப்பக்கம், அவள் மாடியில் தங்கிய உரக்கடையின் ஓரத்தில் வந்து நின்றது. இடம் இருக்கிற இடத்தில்தானே நிற்க முடியும். பூவலிங்கம் பாய்லருக்குப் பின்னாலிருந்து ரோட்டைத் தாண்டித் தன் பழைய இடத்தையும், அங்கே நின்ற மனைவியையும், அவள் கட்டியிருந்த தார்ப்பாயையும் பார்த்துக்கொண்டே இருந்தார். "கயிறு நல்லாக் கட்டியிருக்கா" என்று மட்டும் சொன்னார். ஊர்க்காரர்கள் யார் மனசும் நோகாமல், டீயை அவரிடம் குடித்தார்கள், வடையை அவளிடம் தின்றார்கள், நடுவில் பஸ் வந்தால் நின்று வழிவிட்டார்கள். மத்தியானத்தில் அவர் ரோட்டைக் கடந்து போய் மனைவியின் பெஞ்சில் வாடிக்கைக்காரரைப்போல உட்காருவார், அவள் சோறு போடுவாள். ரோட்டின் இந்தப் பக்கத்திலிருந்து அமலோற்பவம் அதைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள்.

இங்கேயே இருந்துவிட்டால் என்ன என்ற யோசனை அவளுக்கு வந்தது அப்போதுதான். ஒரு வாடகை வீடு, தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் ஸ்தனிஸ்லாஸின் டயாலிசிஸுக்கு ஒரு இடம், வேறு ஒன்றும் வேண்டாம். தூத்துக்குடிக்குப் போய் விசாரித்தாள். இயந்திரத்துக்குக் காத்திருக்கிறவர்கள் நிறைய, பெயரைப் பதிந்துவிட்டுப் போங்கள், கூப்பிடுவோம் என்றார்கள். பதிந்துவிட்டு வந்தாள். அன்றைக்கு ராத்திரி முத்துஇசக்கிக்குப் பெண்குழந்தை பிறந்தது.

இரண்டு நாள் கழித்துக் குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவந்த பகலில் பிச்சைமுத்து போன் செய்தார். "டீச்சர், பதறாதீங்க. சாருக்கு மூச்சு முட்டுது. ஆஸ்பத்திரியில சேத்திருக்கோம். நீங்க உடனே வந்துட்டா நல்லது."

அவள் பூவலிங்கத்தின் வீட்டுக்கு ஓடினாள். முற்றத்தில் கயிற்றுக்கட்டிலில் பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார், டீ ஆற்றும்போது திருப்பிக்கொள்கிற முகம் அங்கே திரும்பாமல் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தது. அமலோற்பவம் வாசலில் நின்றதைப் பார்த்ததும், பக்கத்திலிருந்த முத்துஇசக்கி சேலைத் தலைப்பை எடுத்துக் குழந்தையின் முகத்தை மெதுவாக மூடினாள். மரியாதைக் குறைவாகச் செய்யவில்லை. ஈ உட்கார வரும்போது மூடுவதுபோல மூடினாள். அமலோற்பவம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள்.

முற்றத்து ஆடு வாளியை முட்டியது.

"போங்க டீச்சர். சாரு தனியா கெடக்காருல்லா" என்றார் பூவலிங்கம். "மூணு மணி பஸ்ஸு இருக்கு. எனக்காவ நிக்காதிய, நான் எப்படியும் வந்துருவேன்."

ஆஸ்பத்திரியில் ஸ்தனிஸ்லாஸ் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க்கோடு கிடந்தார். அவள் கையைப் பிடித்துக்கொண்டார், பேச முடியவில்லை, வெளியே வராந்தாப் பக்கம் கண்ணைக் காட்டினார். "இன்னும் வரலை" என்றாள் அவள். அவர் தலையை ஆட்டினார். வர வேண்டாம் என்கிறாரா, வரட்டும் என்கிறாரா என்று அவளுக்கு விளங்கவில்லை.

தூங்கினால்தானே விழிக்க வேண்டும். அன்றைக்கு அவள் தூங்கவில்லை. ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்து ஜெபமாலையைச் சொன்னாள், முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டாள், பக்கத்துப் படுக்கைக்காரியின் குடும்பக் கதையை ஆரம்பத்திலிருந்து கேட்டாள். விடிந்தது; வராந்தா காலியாக இருந்தது. உவர்க்குளத்தில் ஒருவர் தன் பேத்தியோடு இருக்கிறார் என்று நினைத்தபோது, பல மாதங்களுக்குப் பிறகு அவளுக்கு ஒன்றைச் செய்து முடித்த திருப்தி வந்தது. அடுத்த நாளும் அப்படியே கண்ணைத் திறந்துவைத்திருந்தாள். நர்ஸுகள் திட்டினார்கள், ஸ்தனிஸ்லாஸின் மூச்சு சீரானது, மாஸ்க்கை எடுத்தார்கள், அவர் அவளைப் பார்த்து, "படு" என்றார். மாட்டேன் என்றாள். இன்னும் ஒரு நாள், இன்னும் ஒரே ஒரு நாள் என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலில் வலி எடுத்தபோது உட்கார்ந்தாள். அவருடைய படுக்கையின் ஓரத்தில் கன்னத்தை வைத்தாள், கண்ணை மூடுவதற்காக இல்லை, கழுத்து வலித்ததால்.

கண்ணைத் திறந்த நொடியில் கிளாஸ் சத்தம் கேட்டது.

வராந்தாவில், மருந்து வாங்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில், நீலக் கடை நின்றுகொண்டிருந்தது. அவள் எழுந்து வருவதற்குள் டியூட்டி முடிந்த இரண்டு நர்ஸுகள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்கள். மூன்றாவது ஒருத்தி ஃபிளாஸ்க்கோடு நின்று, "அண்ணே, சீனி கம்மியா நாலு டீ" என்றாள்.

"கொஞ்சம் பொறுங்கம்மா" என்றார் பூவலிங்கம்.

இரண்டு கைகளும் முழங்கையில் மடங்கி, நெஞ்சோடு சேர்ந்தபடி இருந்தன, அவற்றுக்கு நடுவில் ஒன்றும் இல்லை. அவருடைய சட்டையின் முன்பக்கம், மார்பிலிருந்து வயிறுவரை, குழந்தை நனைத்த ஈரம் அப்படியே இருந்தது. அமலோற்பவம் ஒருமுறை பார்த்தாள், பார்த்துவிட்டோமே என்று உடனே கண்களைத் தாழ்த்திக்கொண்டாள். பாய்லரில் தண்ணீர் இருந்தது, கரி இருந்தது, தீப்பெட்டி பலகைமேல் கைக்கு எட்டுகிற இடத்தில்தான் இருந்தது. நர்ஸுகள் காத்திருந்தார்கள். சூடு பட்டால் அந்த ஈரம் காய்ந்துவிடும் என்று, அவர் அடுப்பைப் பற்றவைக்காமல் நின்றுகொண்டிருந்தார்.